தொறந்து பாத்தீங்களா?

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தடவை நான் அதைக் கெடுத்தது போதும்.

கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருடம், பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். வருமானச் சான்று, பட்டா நகல், ஸ்காலர்ஷிப், காலேஜ் விண்ணப்பம் என்று காலையிலிருந்தே ஆட்கள் நிற்பார்கள். மூன்று கம்ப்யூட்டர்கள் இருந்தன. மூன்றும் பழசு. ஏதாவது ஒன்று மக்கர் செய்தால் அவருக்குப் போன் போகும். மொரப்பூர் பக்கத்திலிருந்து மொபெட்டில் வந்து இறங்குவார். கடைத்தெருவில் எல்லோருக்கும் அவர் 'சிஸ்டம்காரம்மா'. நான் அக்கா என்பேன். என்னைவிடப் பதின்மூன்று, பதினான்கு வயது மூத்தவர், என்னை மேடம் என்பார்.

"என்னங்க்கா, என்னப் போயி மேடம்னுட்டு?"

"நீங்க டிகிரிங்க. நான் பன்னெண்டாவதோட நின்னவ. பின்ன எப்படிக் கூப்புடறது?"

அதில் கேலி இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு நான் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்கப் பிடித்திருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும்.

அவரிடம் ஒரே அளவில் இரண்டு எவர்சில்வர் டிபன் டப்பாக்கள் இருக்கும். ஒன்றில் மதியச் சாப்பாடு. இன்னொன்றில் ஸ்க்ரூடிரைவர், தூசி தட்ட ஒரு பெயின்ட் பிரஷ், நாலைந்து பென்டிரைவ். மழையில் வண்டி ஓட்டி வந்தாலும் டப்பாவுக்குள் தண்ணீர் போகாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஒரு நாள் எங்களோடு சாப்பிட உட்கார்ந்து மூடியைத் திறந்தால் உள்ளே ஸ்க்ரூக்கள். சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். "இன்னிக்கி வறுவல் கொஞ்சம் முறுகிப்போச்சுங்க மேடம்" என்று என் பக்கம் நீட்டினார். அவருடைய பென்டிரைவ் எதை வாங்கினாலும் லேசாகப் புளிச்சோறு மணக்கும்.

அவர் வேலையில் பாதி, கேள்வி கேட்பது. ஒரு கம்ப்யூட்டரை மொத்தமாகத் துடைத்துவிட்டு, அதாவது ஃபார்மேட் செய்துவிட்டு, எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற வேண்டும் என்றால், அவரிடம் மூன்று கேள்விகள் இருந்தன.

"எடுத்தாச்சுங்களா?"

"எதுல எடுத்தீங்க?"

"தொறந்து பாத்தீங்களா?"

மூன்றுக்கும் பதில் வராமல் அவர் விரல் என்டர் பட்டன் பக்கம் போகாது. போட்டோவையும் ஃபைலையும் எல்லோரும் எடுத்து வைத்துவிடுவார்கள். பிரவுசரை யாரும் நினைப்பதில்லை. அதற்குள்தான் புக்மார்க் இருக்கிறது, பாஸ்வேர்டு இருக்கிறது, வருடக்கணக்காக ஒருவர் தன் வசதிக்கு மாற்றி மாற்றி வைத்த அத்தனையும் இருக்கிறது. அக்கா முதலில் கம்ப்யூட்டரின் சொந்தக்காரரை அதன் முன்னால் உட்கார வைப்பார். "தெனமும் வந்ததும் என்ன பண்ணுவீங்களோ, அதப் பண்ணுங்க. நான் இல்லைன்னு நெனச்சுக்கங்க" என்பார். பின்னால் நின்று, கிழித்த தினசரி காலண்டர் தாளின் முதுகில் எழுதிக்கொள்வார். மேலே பட்டையில் எந்தெந்த புக்மார்க், எந்த வரிசையில். திறந்ததும் வரும் பக்கம் எது. எழுத்தை எவ்வளவு பெரிதாக்கி வைத்திருக்கிறார். தமிழ் கீபோர்டு எது. இறக்கிய ஃபைல் எங்கே போய் விழுகிறது. வேலை முடிந்தபின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு டிக் போட்டு, தாளை மடித்துக் கீபோர்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் போவார்.

சென்டர் முதலாளி எங்களுக்குத் தூரத்து உறவு. மாமா முறை. அவர் வாய் சும்மா இருக்காது. "ஏம்மா, சிஸ்டம் போடச் சொன்னா பொண்ணு பாக்க வந்தவ மாதிரி விசாரிச்சிக்கிட்டே இருக்கியே!"

"கல்யாணங்கூட நின்னா மறுபடி பேசிக்கலாங்கண்ணா. இது அழிஞ்சா அழிஞ்சதுதான்" என்பார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பக்கத்துக் கடையில் பத்திரம் எழுதும் பெரியவர் ஒருவர் இருந்தார். கண்புரை. எழுத்தை ஒன்றரை மடங்கு பெரிதாக்கி வைத்திருப்பார். அப்படியும் புக்மார்க்குகளின் பெயரை அவர் படிப்பதில்லை. இடது பக்கத்திலிருந்து மூன்றாவது வில்லங்கம், ஐந்தாவது பட்டா என்று கை போகும். அவருடைய கம்ப்யூட்டரை அக்கா துடைத்து ஏற்றினார். எடுத்து வைத்த புக்மார்க்குகளைத் திரும்ப உள்ளே விட்டால் அவை மொத்தமாக ஒரே ஃபோல்டருக்குள் போய் விழும். மற்ற மெக்கானிக்குகள் அதோடு விட்டுவிடுவார்கள். அக்கா ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துப் பழைய வரிசையில் கொண்டுவந்து வைத்தார். பெரியவர் வந்து உட்கார்ந்து மூன்றாவதைத் தட்டினார். வில்லங்கம் வந்தது.

"ஏம்மா, காலையில இருந்து உக்காந்திருக்கியே, சிஸ்டத்தத் தொடவே இல்லியா நீ? எல்லாம் அப்படியேதான இருக்குது!"

அக்கா அன்றைக்குச் சிரித்த மாதிரி வேறு எதற்கும் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. எங்கள் சென்டருக்கு வந்து மறுபடி மறுபடி சொன்னார். "தொடவே இல்லியான்னு கேட்டுட்டாருங்க மேடம்! தொடவே இல்லியான்னு!"

"அவருக்குத் தெரியாமயே போச்சே, அதுல உங்களுக்கு என்னங்க்கா சந்தோசம்?"

"அப்படிங்களா? நீங்க ஊருக்குப் போயிட்டு வர்றீங்க. வூட்டத் தொறந்து இருட்டுக்குள்ள கைய நீட்டறீங்க. சுவிட்சு அங்க இல்லைன்னா அது உங்க வூடுங்களா?"

இவ்வளவுக்கெல்லாம் அவசியமில்லை என்று நினைத்தேன். எந்தக் கம்ப்யூட்டரையும் இரண்டே மணி நேரத்தில் முடித்துவிடலாம், இவர் ஒரு முழு நாளை எடுத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். ஏற்றும்போது திரையில் சதவீதம் ஏறிக்கொண்டிருக்கும் நேரம் முழுக்க, டீயைக்கூடத் தொடாமல் மடியில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிரசவ அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது சிரிப்பாக இருந்தது.

இனிமேல் எழுத வேண்டியதை நான் ஒத்திப்போட்டுக்கொண்டே வருகிறேன்.

அது காலேஜ் சேர்க்கை நடக்கும் மாதம். சித்தேரி மலையிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் அப்பாவோடோ அம்மாவோடோ வருவார்கள். ஈமெயில் இருக்காது. நாங்களே ஒன்று உருவாக்குவோம். பாஸ்வேர்டும் நாங்களே போடுவோம். சேமிக்கட்டுமா என்று பிரவுசர் கேட்கும். சரி என்று தட்டுவோம். ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். பாதிப் பேருக்கு நாங்கள் கொடுக்கவில்லை. "எங்க போகப்போகுது? இங்கதான இருக்குது. எப்ப வேணும்னாலும் வாங்க" என்போம். மாமாவும் அப்படித்தான் சொல்வார். நானும் அப்படித்தான் சொன்னேன். ஆக, நாற்பது பிள்ளைகளின் சாவி எங்கள் இரண்டாம் நம்பர் கம்ப்யூட்டரின் பிரவுசரில் மட்டும் இருந்தது.

அந்த இரண்டாம் நம்பர்தான் படுத்துக்கொண்டது. ஒரு பக்கம் திறக்க ஐந்து நிமிடம் ஆனது. வேறு வழியில்லை, துடைத்து ஏற்ற வேண்டும் என்றார் அக்கா. மறுநாள் மதியம் வருவதாகச் சொன்னார். வந்தால் கேள்வி கேட்டே பொழுது போய்விடும் என்று, அவர் வருவதற்குள் நானே எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். எடுத்து வைத்ததாக நினைத்தேன்.

சந்து வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். அக்கா உட்கார்ந்தார்.

"எடுத்தாச்சுங்களா மேடம்?"

"எல்லாம் எடுத்துட்டேங்க்கா."

"புக்மார்க்கு?"

"எடுத்துட்டேன்."

"பாஸ்வேர்டு?"

"எல்லாம்னா எல்லாந்தானங்க்கா."

"எதுல எடுத்தீங்க?"

"பென்டிரைவ்ல."

"அது ரெண்டும் தனித்தனிங்க மேடம். புக்மார்க்கு ஃபைலுக்குள்ள பாஸ்வேர்டு வராது. வேற எடத்துல போயி எடுக்கணும். ஒருக்கா தொறந்து..."

எனக்கு அது தெரியாது. மூன்று வருடம் கம்ப்யூட்டர் படித்தவளுக்கு அது தெரியாது. எக்ஸ்போர்ட் என்று ஒரு பட்டனைத் தட்டினேன், ஒரு ஃபைல் வந்தது, எல்லாம் அதில் இருக்கும் என்று விட்டுவிட்டேன். தெரியாது என்பதை அந்த நொடியில்தான் தெரிந்துகொண்டேன். இல்லை, இதைச் சரியாகச் சொல்ல வேண்டும். தெரிந்துகொள்ளவில்லை, சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்ததும் முகம் சூடாகிவிட்டது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, இதத்தான் நான் மூணு வருசம் படிச்சிட்டு வந்திருக்கேன். பாஸ்வேர்ட நானே அப்பறம் ஏத்திக்கறேன். நீங்க உங்க வேலையப் பாருங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். "சிஸ்டம்காரம்மாவுக்கே பாடம் எடுக்குது பாரு பொண்ணு!"

அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். விரல்களை முந்தானையில் ஒரு முறை துடைத்துக்கொண்டார். "செரிங்க மேடம்" என்றார். காலண்டர் தாளில் ஏதோ எழுதினார். என்டரைத் தட்டினார். எனக்குத் தெரிந்து மூன்றாவது கேள்விக்குப் பதில் வாங்காமல் அவர் தட்டியது அந்த ஒரு தடவைதான்.

அன்று மாலை ஐந்தரைக்கு, அவர் போன பிறகு, பென்டிரைவைத் திறந்தேன். ஒரே ஒரு ஃபைல் இருந்தது. அதில் முகவரிகள் இருந்தன. சாவி ஒன்றுகூட இல்லை. கீபோர்டுக்கு அடியிலிருந்து காலண்டர் தாளை எடுத்தேன். வரிசையாக டிக். கடைசி வரிக்கு மட்டும் டிக் இல்லை. 'பாஸ்வேர்டு: மேடம் எடுத்திருக்காங்க. அவங்களே ஏத்திக்கறாங்களாம்' என்று எழுதியிருந்தது.

அந்தத் தாளை நாலாகக் கிழித்து என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாகப் போட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா வாயிலிருந்து வரும் ஒரு சொல் அப்பா காதுக்குப் போகும், அங்கிருந்து வேறு காதுகளுக்குப் போகும். பொறுப்பான பொண்ணு என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. காரணம் இவ்வளவுதான். எத்தனையோ தடவை தேடிப் பார்த்துவிட்டேன், இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் முதல் ஆளாக ஒரு பெண் வந்தாள். சித்தேரியிலிருந்து, அப்பாவோடு. நர்சிங் கலந்தாய்வுக்கு எந்தெந்தக் காலேஜ் வேண்டும் என்று பதிவு செய்ய வேண்டும். அடுத்த நாள் மாலை ஐந்து மணியோடு முடிகிறது.

"லாகின் என்னன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"நீங்கதானக்கா போட்டீங்க? உங்களுக்குத் தெரியுமில்ல?" என்றாள்.

நான்கைந்து பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்தேன். பூட்டிக்கொண்டது. மறந்துவிட்டது என்று தட்டினால் ஓடிபி எண் போகும் போன் அவள் அப்பாவுடையது. "அந்த சிம்மு செத்துப்போச்சுங்களே. காசு போடாம விட்டதுல நின்னுபோச்சு" என்றார் அவர், தான் ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி.

மாமா எழுந்து வந்தார். "என்னாச்சு?"

"சிஸ்டம் மாத்துனதுல பாஸ்வேர்டெல்லாம் போயிருச்சு மாமா."

"யாரு மாத்துனது?"

"சிஸ்டம் அக்காதான்."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. அப்படித்தான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாமா எல்லோருக்கும் கேட்கும்படி போனில் கத்தினார். "மூணு தரம் கேப்பேன் மூணு தரம் கேப்பேன்னு அவ்வளவு பேசுவியே! நாப்பது புள்ளைங்க வாழ்க்கைம்மா!" அக்கா ஒரு மணி நேரத்தில் வந்தார். முதலில் கீபோர்டைத் தூக்கிப் பார்த்தார்.

"இங்க காலண்டர் தாளு ஒண்ணு வெச்சிருந்தனே?"

நான் பிரின்டருக்குத் தாள் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஏற்கனவே அடுக்கிய தாளை எடுத்து மறுபடி அடுக்கினேன்.

பென்டிரைவைச் செருகிப் பார்த்தார். அந்த ஒற்றை ஃபைல். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வதற்கு எத்தனை நேரம் வேண்டுமோ அத்தனை நேரம் பார்த்தார். இப்படி இன்றைக்குத்தான் தோன்றுகிறது. அப்புறம் மாமா பக்கம் திரும்பினார்.

"நான் தொறந்து பாத்திருக்கணுங்கண்ணா" என்றார்.

அந்தப் பெண்ணிடம் போனார். "ஆதார் வெச்சிருக்கியா கண்ணு? மார்க்ஷீட்டு? வா. தர்மபுரியில உதவி மையம் இருக்குது. நேர்ல போனா நம்பர மாத்திக் குடுப்பாங்க. அப்பாவ பஸ்ல வரச்சொல்லு." அவளை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு வெயிலில் போனார்.

மறுநாள் மூன்று மணிக்கே அவள் பதிவு செய்து முடித்துவிட்டாள் என்று தெரிந்தது. அவளுக்கு இடமும் கிடைத்தது. மீதிப் பிள்ளைகளையும் அதே மையத்துக்கு மாமா அனுப்பினார். யாருக்கும் பெரிய இழப்பு இல்லை என்று நான் பல வருடம் சொல்லிக்கொண்டதற்கு அக்காதான் காரணம்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் சென்டருக்கு வந்தாள். கையில் ஒரு துணிப்பை. மலையில் விளைந்த சாமை அரிசி. "அந்தக்கா வருவாங்களா? அவங்களுக்குத்தான்" என்றாள்.

"குடு, நான் குடுத்துர்றேன்" என்று வாங்கி மேசைக்கு அடியில் வைத்தேன். கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டுமென்றால் போன் செய்ய வேண்டும், பேச வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று கிடந்து வண்டு பிடித்துப்போனது. கூட்டுகிற அம்மா எடுத்துப்போய்க் கோழிக்குப் போட்டார்.

மாமா அக்காவை அதன்பின் கூப்பிடவில்லை. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "அந்தம்மா மூணு தரம் கேக்கும், நாலாவது தரம் தொடச்சிரும்" என்று ஒரு வசனம் செய்து வைத்துக்கொண்டு கடை கடையாகச் சொல்லிச் சிரித்தார். கேட்டவர்களும் சிரித்தார்கள். பத்திரம் எழுதும் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அவரும் அடுத்த தடவை வேறு ஆளைத்தான் கூப்பிட்டார். அந்த ஆள் ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுப் போனார். பெரியவர் மூன்றாவதைத் தட்டினார். அங்கே ஒன்றும் இல்லை. ஒவ்வொரு புக்மார்க்காகக் கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் படித்துக்கொண்டிருந்ததைக் எங்கள் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். எழுந்து போய் வரிசையை மாற்றிக் கொடுத்திருக்கலாம். வரிசை எனக்கு நினைவில்லை. அதை எழுதி வைத்தவர் வேறு ஒருவர்.

ஆறு மாதத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது. அரூருக்கு வந்துவிட்டேன். பொறுப்பான பொண்ணு என்ற பெயரோடுதான் வந்தேன்.

இப்போது எனக்கு ஒன்றரை வயதில் ஒரு மகள் இருக்கிறாள். கேஸை அணைத்தேனா என்று இரண்டு தடவை போய்ப் பார்ப்பேன். மருந்து ஊற்றும்போது அளவை மூன்று தடவை படிப்பேன். "ஒருக்கா பாத்தாப் பத்தாதா?" என்பார் என் கணவர். அவர் தனியார் பள்ளியில் வாத்தியார். குழந்தை தூங்கும் நேரத்தில் நான் வீட்டு லேப்டாப்பில் பள்ளிகளுக்குக் கேள்வித்தாள் டைப் செய்து கொடுக்கிறேன். போன மாதம் அந்த லேப்டாப் இழுத்து இழுத்து ஓட ஆரம்பித்தது.

"எங்க ஸ்கூல்ல ஒரு சர்வீஸ் ஆளச் சொன்னாங்க. வூட்டுக்கே வர்றாங்களாம். மொரப்பூர்க்காரங்க, ஒரு அம்மா" என்றார் அவர்.

என் அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். குழந்தைக்குச் சளி, அலைய வைக்கக் கூடாது என்பது காரணமாகக் கிடைத்தது, போகாமல் இருப்பதற்கு. முதல் நாளே எல்லாவற்றையும் எடுத்தேன். புக்மார்க்குகளைத் தனியாக. பாஸ்வேர்டுகளைத் தனியாக. தடுப்பூசி அட்டவணை, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று சேர்த்து வைத்த பக்கங்கள், பள்ளிகளின் பக்கங்கள். பென்டிரைவைப் பிடுங்கி, மறுபடி செருகி, திறந்து பார்த்தேன். கணவருடைய கம்ப்யூட்டரிலும் திறந்து பார்த்தேன். காலண்டர் தாளைக் கிழித்து அதன் முதுகில் வரிசையாக எழுதி வைத்தேன்.

மதியம் அவர் வந்தார். தலையில் பாதி நரைத்திருந்தது. வாசலிலேயே என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"மேடமா! இது உங்க வூடுங்களா?" தூளியை எட்டிப் பார்த்தார். "பாப்பாவா? தூங்கட்டும், தூங்கட்டும். மெதுவாப் பேசுவோம்."

அதே டிபன் டப்பா. மூடியில் ஒரு நசுங்கல் புதிதாக இருந்தது. லேப்டாப்பைத் திறந்தார். நான் மூன்று கேள்விகளுக்கும் பதிலோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை. தன்னுடைய பென்டிரைவைச் செருகி, ஒவ்வொன்றாகத் தானே எடுக்க ஆரம்பித்தார்.

"அக்கா, நான் எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். தொறந்தும் பாத்துட்டேன். தாள்லகூட எழுதியிருக்கேன்" என்று நீட்டினேன்.

"இருக்கட்டுங்க மேடம். நானும் ஒருக்கா எடுத்துக்கறேன்." தாளை வாங்கிக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"முன்னெல்லாம் மூணு தரம் கேப்பீங்களே?"

"இப்பக் கேக்கறதில்லீங்க. கேட்டா எல்லாருமே எடுத்தாச்சுன்னுதான் சொல்றாங்க."

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவர் என்டரைத் தட்டினார். மடியில் கைகளை வைத்துக்கொண்டு சதவீதத்தைப் பார்த்து உட்கார்ந்தார். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அக்கா. அன்னிக்கி பாஸ்வேர்ட நான் எடுக்கவே இல்ல. அந்தத் தாளக் கிழிச்சதும் நாந்தான்."

"தெரியுங்க மேடம்."

"எப்பத் தெரியும்?"

"பென்டிரைவத் தொறந்தப்பவே. தாளு காணோம்னதும் மிச்சமும் தெரிஞ்சுது."

"அப்பறம் ஏங்க்கா மாமாகிட்டச் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்." திரையில் இருபத்தேழு இருபத்தெட்டானது. "ஒரு வாரம், பத்து நாளு போன் வருமின்னு இருந்தேன். அப்பறம் வேல இந்தப் பக்கமாப் போயிருச்சு. பாப்பாவுக்குச் சளியாங்க? மூச்சு கொஞ்சம் சத்தமா வருதே. ஆவி புடிங்க."

அவர் போன பிறகு, அன்று மாலையே மாமாவுக்குப் போன் செய்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நானாக அவருக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். தாளைப் பற்றி, ஜன்னலைப் பற்றி, சாமை அரிசியைப் பற்றி. அவர் சிரித்தார்.

"யாரு, அந்த நாலாவது தரம் தொடைக்கற அம்மாவா? இப்ப உங்கூட்டுக்கு வந்துச்சா? பாவம்னு பழிய உந்தலையில போட்டுக்கறியாக்கும்."

"இல்ல மாமா, நெசமாலுமே நாந்தான்."

"அட போம்மா. உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா? நீ எப்பவுமே எளகின மனசுக்காரி. மாப்ள நல்லாருக்காரா?"

என்ன சொல்லியும் அவரை நம்பவைக்க முடியவில்லை.

மறுநாள் குழந்தை தூங்கியதும் டைப் செய்ய உட்கார்ந்தேன். லேப்டாப் வேகமாகத் திறந்தது. அதைத் தவிர எதுவும் மாறியிருக்கவில்லை. தடுப்பூசி பக்கம் முதலாவதாக, காய்ச்சல் பக்கம் இரண்டாவதாக, பள்ளிகள் அதே வரிசையில். யாரும் வந்து போனதாகவே தெரியவில்லை. லேப்டாப்பைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் என் காலண்டர் தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

நான் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அவருடைய டிக் இருந்தது. அத்தனையையும் தன்னுடையதோடு சரிபார்த்திருக்கிறார். கடைசி வரிக்குக் கீழே அவர் கையெழுத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. இத்தனை தடவை சரிபார்த்தும் நான் விட்டுவிட்டது. குழந்தை பிறந்த புதிதில் ஒரு தடவை மாற்றி வைத்துவிட்டு நானே மறந்துபோனது.

'மெசேஜ் வர்ற சத்தம்: எல்லாத்துக்கும் நிறுத்தி வெச்சிருந்தாங்க. மறுபடி நிறுத்தியாச்சு. பாப்பா தூங்கும்.'

அதற்கும் ஒரு டிக் போட்டிருந்தார்.